தள்ளுபடி போக ஆறு ஓட்டு

அந்தப் புரட்டாசியில் எங்கள் வார்டில் ஒரு சத்தியத்தின் விலை ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி. கற்பூரம் கட்சிச் செலவு. சத்தியத்துக்கு விலையே கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். விலை போடாத சரக்கை எங்கள் ஊரில் எவரும் கடையில் வைத்திருப்பதில்லை. இடத்தை அடைக்கும்.

எங்கள் ஊர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் ஒரு பேரூராட்சி. 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வந்து விழுந்தது. வார்டு உறுப்பினர் பதவிக்கு மண்வெட்டிச் சின்னத்தில் நின்றவர் ரத்தினசாமி அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனி முதலாளி. பட்டாசு வியாபாரத்தின் தர்மம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது, ஆகவே சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலில் ஒரு பெட்டிக்கு ஐந்நூறு ரூபாய் என்று அச்சடிப்பார்கள். பக்கத்திலேயே எண்பது சதம் தள்ளுபடி என்று அதைவிடப் பெரிய எழுத்தில் அச்சடிப்பார்கள். வாங்குகிறவர் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, நானூறு ரூபாய் சம்பாதித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போவார். ஐந்நூறை அச்சடித்தவருக்கும் அது பொய் என்று தெரியும், வாசித்தவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்த பொய்யை எங்கள் பக்கம் பொய் என்று சொல்வதில்லை, மார்க்கெட் என்று சொல்வோம்.

செக்கடித் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அசன் முகம்மதுவும் வியாபாரிதான். பரீட்சைத் தாள், விற்காத காலண்டர், அச்சகத்தில் வெட்டி எறிந்த துண்டு எல்லாவற்றையும் வாங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி, வெடிக்குழாய் சுற்றுகிற கம்பெனிகளுக்கு லோடு அனுப்புவார். அவருக்கு இருந்த ஒரே எதிரி கடை வாசலில் ஓடாமல் நின்ற வாறுகால். சாக்கடை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் நாங்கள் வாறுகால் என்போம். அதன்மேல் கிடந்த மூடிக்கல் நடுவில் உடைந்து, ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. அந்தச் சந்து வழியாகத் தினமும் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தித்தான் அசன் முகம்மது அடைப்பை நீக்கிவந்தார். குத்தாத நாளில் தண்ணீர் கடைக்குள் வரும். ஈரம் பட்ட பேப்பரைக் குழாய் சுற்ற ஒருவரும் வாங்க மாட்டார்கள். அந்த வருஷம் எம். புதுப்பட்டிக் கம்பெனி ஒன்றுக்கு தீபாவளி முடிந்த கையோடு ஒரு லோடு தருவதாக ஒப்புக்கொண்டு, கடை கொள்ளாத அளவுக்குச் சரக்கை அடுக்கிவிட்டார். ஐப்பசி மழை வாசலில் நின்றது.

ஆகவே அவர் ரத்தினசாமியைப் பார்க்கப் போனார்.

"நம்ம வார்டுல தொண்டரு பத்தல பாய்" என்றார் ரத்தினசாமி. "செக்கடித் தெருவுல ஒங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. எனக்காக நாலு வீடு ஏறி இறங்குங்க. ஒங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணாச்சி. தெருவுல வாறுகாலைத் தோண்டணும். ஒம்பது மூடிக்கல்லு வேணும். கல்லு மெதுவா வரட்டும், முதல்ல உள்ள கெடக்கிற மண்ணை அள்ளணும்."

"ஒம்பதா? பத்தா வச்சுக்கங்க."

அசன் முகம்மது வீட்டுக்குக் கலக்கத்தோடு வந்தார். நாற்பது வருஷமாக அவர் கேட்டதைக் குறைத்தவர்களோடுதான் பழகியிருக்கிறார். கூட்டியவரைப் பார்த்ததில்லை.

அவர் மனைவி நசிமா நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஒம்பது கேட்டதுக்கு ஏழுன்னு இழுத்திருந்தா நம்பலாங்க. பத்துன்னாகளா? அப்ப கல்லும் வராது, மண்ணும் போகாது."

"பெரிய மனுசங்க சொல்லியிருக்காக."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மறுநாள் தேர்தல் பணிமனையில் தொண்டர் பயிற்சி. பணிமனைப் பொறுப்பாளர் மாரிசாமி. அண்ணாச்சியின் கம்பெனியில் விலைப்பட்டியல் தயாரிக்கிறவர், பட்டியல் அச்சாகி முடிந்ததும் ஜனநாயகத்துக்கு மாற்றியிருந்தார்கள். பணிமனை முழுக்க மண்வெட்டிகள்: அட்டையில், துணியில், தெர்மாகோலில், மின்விளக்கில். வாறுகாலைக் குத்திப் பார்க்க ஒரு நிஜ மண்வெட்டி கிடைக்குமா என்று அசன் முகம்மது விசாரித்தபோது, சின்னத்தைச் சேற்றில் இறக்குவது கட்சிக்கு அவமானம் என்று விளக்கினார்கள்.

மாரிசாமி ஒலிபெருக்கியைத் தட்டினார். கேட்கிறவர்கள் பதினோரு பேர், ஒலிபெருக்கி நான்கு.

"தொண்டர்களே! வணக்கத்துல மூணு வகை இருக்கு. நெஞ்சுக்கு நேரா கையைக் கூப்பினா அது நம்ம ஓட்டருக்கு. மூக்குக்கு நேரா கூப்பினா சந்தேக ஓட்டருக்கு. தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டா அது நமக்கு ஓட்டே போடாத ஆளுக்கு. போடாதவுகளுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி குடுக்கணும். போடுறவுகளுக்கு எதுக்கு? அவுகதான் போடுறாகளே! அப்புறம் எழுதுறது. உறுதி, மிக உறுதி, சத்தியம்னு மூணே மூணு கட்டம். இல்லைங்கிறதுக்குக் கட்டம் கெடையாது. எதிர்மறைச் சிந்தனைக்கு நம்ம கட்சியில எடம் இல்ல."

டீ வந்தது. அசன் முகம்மது கையை ஆட்டினார்.

"நோன்பா பாய்? பரவால்ல. ஒங்க பேருல ஒரு நாளைக்கு நாலு டீ, நாலு வடைன்னு எழுதியாச்சு. எழுதினதை அடிக்க முடியாது. சாப்பிட்டதா இருக்கட்டும்."

அவர் சாப்பிட்டதாக இருந்ததையெல்லாம் காளிராஜ் சாப்பிட்டான். கம்பெனியில் லோடு ஏற்றும் மேஸ்திரி அவன். வாக்குச் சேகரிப்பில் அசன் முகம்மதுவுக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டிருந்தான். இருவரும் காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். எங்கள் ஊரில் சீசன் நேரத்துக் காலை பத்து மணி என்றால் தெருவில் ஆடும் கோழியும் மட்டும் இருக்கும். ஆட்களை விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் அள்ளிக்கொண்டு போயிருக்கும். வீடுகள் எல்லாம் பூட்டு.

காளிராஜ் முதல் வீட்டுப் பூட்டின் முன் நின்று, நெஞ்சுக்கு நேராகக் கைகூப்பி, அண்ணாச்சியின் சாதனைகளை முழுதாகச் சொல்லிமுடித்து, நோட்டீஸைச் சொருகிவிட்டு, மிக உறுதி என்று எழுதினான்.

"காளிராஜு, பூட்டுல்ல தொங்குது."

"ஆமா பாய். பூட்டு மாதிரி ஒரு ஓட்டரு கெடைக்குமா? துட்டுக் கேக்குதா? ரோடு கேக்குதா? போன தடவை என்ன கிழிச்சீகன்னு கேக்குதா? மறுத்து ஒரு வார்த்தை பேசுச்சா?"

"பேசல."

"அப்ப மிக உறுதிதானே."

இப்படி மத்தியானத்துக்குள் காளிராஜ் இரண்டு தெருக்களில் நானூற்று இருபது ஓட்டுகளைச் சேகரித்தான். அந்த இரண்டு தெருக்களிலும் சேர்த்து வாக்காளர்கள் இருநூற்று அறுபது பேர். மிச்சம் யாரென்று அசன் முகம்மது கேட்டார். இனிமேல் வாடகைக்கு வரப்போகிறவர்களையும் கட்சி கைவிடாது என்றான் காளிராஜ்.

அசன் முகம்மதுவுக்கு அந்தத் தொழில் பிடிபடவில்லை. தன்னுடைய செக்கடித் தெருவுக்கு மட்டும் சாயங்காலம், நோன்பு திறந்துவிட்டுத் தனியாகப் போனார். அந்நேரம் கம்பெனி பஸ் வந்துவிட்டிருக்கும். முதல் வீடு சுப்புத்தாயுடையது. பகல் முழுக்க மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கியெடுத்த கை, தேய்த்துக் கழுவியும் வெள்ளி போக மறுத்த நகம். கணவனும் இரண்டு மகள்களும் அதே பஸ்ஸில் போய் வருகிறவர்கள்.

"என்ன பாய், நீங்களும் கும்பிடக் கெளம்பிட்டீகளா? இந்த வேண்டாத வேலை ஒங்களுக்கு எதுக்கு?"

"வாறுகாலுக்காகத்தாம்மா. அண்ணாச்சி தோண்டித் தர்றேன்னு சொல்லியிருக்காக. போடுவீகளா மாட்டீகளா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

சுப்புத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லலாம் என அந்தத் தேர்தலில் அவரிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"அவுக மூஞ்சிக்குப் போட மாட்டேன். ஒங்க வாறுகாலுக்குப் போடுறேன். எங்க வீட்டுல நாலு ஓட்டு. எழுதிக்கிடுங்க."

"தூக்குச்சட்டி ஒண்ணு குடுக்கச் சொன்னாக. கற்பூரம் அடிச்சு…"

"சட்டியைக் கொண்டு போய் அவுககிட்டயே குடுங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

நாற்பத்துநான்கு பேர் உள்ள தெருவில், தன்னையும் நசிமாவையும் சேர்த்து, முப்பத்தொரு பேர் போடுவதாகச் சொன்னார்கள். பதின்மூன்று பேர் மாட்டோம் என்றார்கள். அவர்களுக்கும் அசன் முகம்மது நன்றி சொன்னார். அன்று ராத்திரி தூக்குச்சட்டி மூட்டையைச் சைக்கிளில் கட்டிப் பணிமனையில் கொண்டுபோய் இறக்கினார். கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்த தொண்டனை அந்தக் கட்சி அதுவரை பார்த்ததில்லை. மாரிசாமி முகம் கறுத்தது.

"எத்தனை பாய்?"

"முப்பத்தொண்ணு."

"லிஸ்டு விலையா, அடக்க விலையா?"

"உள்ளதுதாங்க."

"உள்ளதுன்னா?"

"உள்ளதுன்னா… உள்ளது."

மாரிசாமி கால்குலேட்டரை எடுத்தார். "முப்பத்தொண்ணு. எண்பது சதம் தள்ளுபடி. ஆறு புள்ளி ரெண்டு. செக்கடித் தெரு ஆறு."

அசன் முகம்மது தாளை எட்டிப் பார்த்தார். "ஏங்க, நான் ஒவ்வொரு ஆளா கேட்டு எழுதினது. இதுல எங்க இருந்து தள்ளுபடி?"

"இங்க பாருங்க பாய். காளிராஜு நானூத்தி இருபது கொண்டாந்தான். எண்பத்துநாலுன்னு போட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசுனானா? கட்சின்னா எல்லாத்துக்கும் ஒரே தள்ளுபடி. ஒங்களுக்கு மட்டும் வேணாம்னா மத்த தொண்டனெல்லாம் பொய் சொன்னான்னு ஆகிப்போகும். அவன் மனசு என்ன பாடுபடும்? சட்டியை வாங்காதவன் ஓட்டுப் போடுவான்னு எந்தக் கடையில சொல்லிக் குடுத்தாக ஒங்களுக்கு?"

"அப்ப அந்தப் புள்ளி ரெண்டு?"

"அது வீட்டுல இருந்துக்கிட்டே நம்மளை ஆதரிக்கிற ஆளு."

வெளியே வந்ததும் காளிராஜ் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "பாய், நீங்க வெவரம் இல்லாம இருக்கீக. நூத்தி அம்பத்தஞ்சுன்னு எழுதிக் குடுங்க. தள்ளுபடி போக முப்பத்தொண்ணு நிக்கும். கணக்கும் சரி, ஒங்க மனசாட்சியும் சரி."

"நாப்பத்துநாலு பேரு இருக்கிற தெருவுல நூத்தி அம்பத்தஞ்சா? நோன்பு வச்ச வாயில அது வரமாட்டேங்குதுப்பா."

"பெருநாள் கழிச்சு சொல்றீகளா?"

"அதுக்குள்ள எலெக்சனே முடிஞ்சு போகும்லே!"

செக்கடித் தெரு வெறும் ஆறு ஓட்டுத் தெரு என்று அண்ணாச்சிக்கு அறிக்கை போனது. பலவீனமான தெருவைப் பலப்படுத்த வேண்டும் என்று முடிவானது. முதல் கட்டமாக அண்ணாச்சி நோன்புக் கஞ்சி குடிக்க வந்தார். தலையில் புதுத் தொப்பி, பின்பக்கம் விலை ஒட்டியது ஒட்டியபடி. நோன்பு திறக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். வெளிச்சம் போய்விடும் என்று போட்டோக்காரர் சொன்னார். அண்ணாச்சி போட்டோக்காரர் பேச்சைக் கேட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, பசியின் அருமை இப்போதுதான் புரிகிறது என்று சொல்லிப் புறப்பட்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் கட்டம் சாம்பிள்.

ஆர்டர் பிடிக்கிறதற்கு முன்னால் ஒரு பெட்டி சாம்பிள் இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். பத்துக் கல் ஆர்டருக்கு ஒரு கல் சாம்பிள் என்று மாரிசாமி தீர்மானித்தார். புதுக் கல், மேலே சிவப்பில் மண்வெட்டி, அதன் கீழே அண்ணாச்சி பெயர். கடை வாசலில் கிடந்த உடைந்த கல்லைக் காளிராஜும் ஆட்களும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள்.

"இருங்கப்பா, இருங்க. முதல்ல உள்ள கெடக்கிற மண்ணை அள்ளிருங்க. நான் அந்தச் சந்து வழியாத்தான் கம்பி விட்டுக் குத்துறேன். மூடிட்டீகன்னா…"

"பாய், இதுல சந்து கெடையாது. சுத்திச் சிமெண்டு பூசி, எறும்பு போகாம அடைச்சிருவோம்."

"அதுதாம்ப்பா நானும் சொல்றேன்!"

அதற்குள் பத்தாயிரம் வாலா சரம் கொளுத்தப்பட்டது. பட்டாசு செய்தே காது போன தெரு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புகை அடங்கும் முன் அண்ணாச்சி கல்மேல் ஏறி நின்றார்.

"என் உயிரினும் மேலான செக்கடித் தெரு மக்களே! பத்து வருசமா இந்த வாறுகாலை மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போயிருக்கேன். ஒரு நாளாச்சும் குறை சொல்லியிருக்கேனா? அதுதான் பொறுமை. இன்னைக்கு இந்தக் கல்லைப் போட்டிருக்கேன். இனிமே இதுக்குக் கீழ என்ன கெடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் நிர்வாகம்! நான் ஜெயிச்சா இன்னும் ஒம்பது கல்லு. தோத்தா… தோக்க மாட்டேன். விக்காத சரக்குல நான் முதல் போடுறதே கெடையாது."

நசிமா கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மனுசன் உள்ளதைச் சொல்லிட்டுப் போறாருங்க" என்றார்.

வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் செக்கடித் தெரு முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். நாலு வருஷ மண்ணோடு அடைத்துக்கொண்டு நின்ற வாறுகாலை, எறும்பு போகாமல் பூசிய கல் காத்துநின்றது. அசன் முகம்மது கம்பியை எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். குத்த இடமில்லை. கடைக்குள் அடிவரிசைப் பேப்பர்க் கட்டுகள் மெல்ல ஊறிப் பருத்துக்கொண்டிருந்தன. தெரு ஜனம் வேஷ்டியை மடித்துக் கட்டியும் சேலையைத் தூக்கிச் சொருகியும் வாசற்படிகளில் நின்றது.

"பாய், போடுறேன்னு சொன்னோம். போடத்தான் நிக்கிறோம்" என்று சுப்புத்தாய் படியிலிருந்து சத்தம் போட்டார். "இந்தப் பீத்தண்ணியில இறங்கச் சொல்லாதீக. ஒரு ஆட்டோ கொண்டாங்க, தெருவே வந்திருவோம்."

அசன் முகம்மது இறங்கி நடந்தார். பூத்துக்கு நூறு கெஜம் தள்ளிப் பந்தல் போட்டு மாரிசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழு ஆட்டோக்கள். வாக்காளரை ஆட்டோவில் ஏற்றி வருவது சட்டப்படி தப்பு என்பதால் கொடியை மட்டும் கழற்றியிருந்தார்கள்.

"ஆட்டோ வேணுங்க. முப்பத்தொரு பேரும் ரெடியா நிக்கிறாக. ஆறு நடை அடிச்சா முடிஞ்சது."

மாரிசாமி தாளைப் பார்த்தார். "செக்கடித் தெரு, ஆறு. ஒரு ஆட்டோ, ஒரு நடை."

"அண்ணே, கண்ணால வந்து பாருங்க. படியில நிக்கிறாக, தலையை எண்ணிக்கலாம்."

"பாய், காளிராஜு தெருவுக்கு அஞ்சு ஆட்டோ ஒதுக்கியிருக்கேன். காலையிலயிருந்து சும்மாதான் போய்ட்டு சும்மாதான் வருது. அதுக்காக எடுத்து ஒங்களுக்குக் குடுத்தா கணக்கு என்னாகும்? ஆறுன்னா ஆறு. அதுலயும் நீங்க ஒருத்தரு நடந்தே வந்துட்டீக. மிச்சம் அஞ்சு."

ஆட்டோ ஒரு நடை போனது. முன்படியில் நின்ற ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது நடைக்கு டிரைவர் மறுத்துவிட்டார். பொறுப்பாளர் துண்டுச் சீட்டு இல்லாமல் நகர மாட்டாராம். அசன் முகம்மது மறுபடி தண்ணீரில் நடந்து தெருவுக்கு வந்து, படிப்படியாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

"அப்ப நாங்கல்லாம் தள்ளுபடியில போன ஆளுகளா பாய்?" என்றார் சுப்புத்தாய். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

எண்ணிக்கையில் அண்ணாச்சிக்கு நூற்று எண்பத்தேழு. எதிராளிக்கு இருநூற்றுப் பதினொன்று. இருபத்துநாலு ஓட்டில் தோல்வி. செக்கடித் தெருப் படிகளில் நின்றுவிட்டவர்கள் இருபத்தைந்து பேர்.

தோல்வி குறித்த ஆய்வுக் கூட்டம் அன்று மாலையே நடந்தது. மாரிசாமியின் குரல் தழுதழுத்தது, ஆனால் பெருமையில்.

"தோத்துட்டோம். ஆனா நம்ம கணக்கு தோக்கல! நம்ம பூத் ஏஜெண்டு ஆளு ஆளா குறிச்சு வச்சிருக்காரு. செக்கடித் தெருவுல பாய் முப்பத்தொண்ணுன்னு அடிச்சுச் சொன்னாரு. நான் ஆறுன்னேன். எத்தனை விழுந்துச்சு? ஆறு! ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைய இல்ல. இம்புட்டுத் துல்லியமா இந்த மாவட்டத்துல எந்தக் கட்சி கணிச்சிருக்கு?"

கை தட்டினார்கள். அண்ணாச்சியும் தட்டினார். காளிராஜின் எண்பத்துநாலில் எத்தனை விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது மிக உறுதியான கணக்கு.

மறுநாள் காலை காளிராஜ் கடப்பாரையோடு கடை வாசலில் வந்து நின்றான்.

"என்னப்பா?"

"தப்பா நெனைக்காதீக பாய். ஆர்டர் கிடைக்கல. சாம்பிளைத் திருப்பி எடுக்கச் சொல்லிட்டாக."

அசன் முகம்மது ஒதுங்கி வழிவிட்டார். ஆர்டர் இல்லையென்றால் சாம்பிள் திரும்ப வேண்டும். அவரும் வியாபாரி. கல் போனது. வாய் திறந்த வாறுகால் வாசலை மறித்துக் கிடந்தது. அதைத் தாண்டி ஒரு கட்டுப் பேப்பர்கூட வண்டிக்குப் போக முடியாது.

அவர் நேராகப் பணிமனைக்குப் போனார்.

"சாம்பிளை எடுத்துக்கிட்டீக, நியாயம். அப்ப என் பழைய கல்லு?"

மாரிசாமி வாசலைக் காட்டினார். அங்கே அந்தக் கல் படிக்கட்டாகப் பதிக்கப்பட்டிருந்தது. சந்து இருந்த இடத்தில் சிமெண்டு.

"நேத்து அண்ணாச்சி வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி சொன்னது அதுல ஏறி நின்னுதான். இப்ப அது கட்சிச் சொத்து. எடுக்கணும்னா மனுக் குடுங்க. செயற்குழு கூடும்."

"எப்பக் கூடும்?"

"அடுத்த எலெக்சனுக்கு."

அசன் முகம்மது வீட்டுக்கு வந்தார். நசிமா நனைந்த கட்டுகளைப் பிரித்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாளில் யாரோ ஒரு பிள்ளை உள்ளாட்சி என்றால் என்ன என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருந்தது.

"என்ன சொன்னாக?"

அவர் சொன்னார். நசிமா ஈரத் தாளை உதறிக்கொண்டே கேட்டுமுடித்துவிட்டு, "சரி, கணக்கைச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

கணக்கு இன்றுவரை இப்படி நிற்கிறது. கேட்ட கல் ஒன்பது. சொன்ன கல் பத்து. வந்த கல் ஒன்று. போன கல் இரண்டு. நனைந்த பேப்பர் பதினெட்டுக் கட்டு, அதில் காய்ந்து தேறியது நாலு. குடித்ததாக எழுதிய டீயும் தின்றதாக எழுதிய வடையும் பைசல். ரத்தினசாமி அண்ணாச்சி வகையில் அசன் முகம்மதுவுக்கு வரவேண்டிய பாக்கி, நடுவில் சந்து உள்ள உடைந்த கல் ஒன்று. இதற்குத் தள்ளுபடி கிடையாது.